மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே பெல்ட் மாற்றினேன்: உழைத்ததும் வளைந்ததும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலை எட்டு மணிக்கே நாற்காலியில் இருந்தாக வேண்டும். விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் ஏறி, கிரீன் சர்க்கிள் கடந்து, போக ஏழு, வர ஏழு என்று தினமும் பதினான்கு கிலோமீட்டர். இளம்பிள்ளை வாதம் இரண்டு வயதில் என் இரண்டு கால்களையும் எழுதி வாங்கிக்கொண்டது. ஆகவே வண்டி நின்றால் நானும் நின்றேன்.

வண்டி 110 சி.சி. ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரும்புச் சட்டம் போட்டுச் சின்னச் சக்கரங்கள் பூட்டியது. எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம். ஊர் வழக்கில் மூன்று சக்கர வண்டி. பதிவுச் சான்றில் 'இன்வேலிட் கேரேஜ்', அதாவது இயலாதவர் வண்டி. அந்தச் சொல்லுக்கு எதிராக ஒரு மனு எழுத வேண்டும். அது வேறு நாள். இன்றைய பொருள்: இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் ஒன்று, அந்தப் பெல்ட்டை ஏற்றி இறக்கும் ரோலர் செட் ஒன்று, அவற்றை மாற்றுவதற்காக வாங்கிய ஒரு கருவி, மூன்றையும் விற்ற ஒரு கடை.

முதல் பெல்ட் 19,000 கிலோமீட்டர் உழைத்துவிட்டு, முந்தின வருடம் அக்னி நட்சத்திரத்தில், பாலாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் அறுந்தது. மூன்று நாட்களாக அறிகுறி காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். நான் பெட்ரோல் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அறுந்த நொடியில் இன்ஜின் வெறுமனே அலறியது. சக்கரத்துக்குச் சேதி போகவில்லை. கீழே வழக்கம்போல மணல், மேலே வழக்கம்போல வெயில். முள்ளுக்கத்தரிக்காய் மூட்டையோடு மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பாலம் முடியும் வரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். கத்தரிக்காய் வெயிலில் வாடியது. அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை, இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் ஒரு சர்வீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். "சார், ஓரச் சக்கரம் கம்பெனி பொருத்தியது இல்லை. அதைக் கழற்றிவிட்டுக் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். கழற்றிவிட்டால் நான் அதில் எப்படி வருவேன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யாரையாவது ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்று யோசனை வந்தது.

அவசரத்துக்கு ஒரு சாலையோர மெக்கானிக் வீட்டுக்கே வந்து பெயரில்லாத பெல்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அது ஆறாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. காலையில் முதல் முறுக்கில் எலிக்குஞ்சு போலக் கீச்சிட ஆரம்பித்தது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் முன்பு நாற்பதில் ஏறிய வண்டி முப்பதுக்கு மூச்சு வாங்கியது. இந்த முறை நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

இதில் வீரம் எதுவும் இல்லை. சிறுவயதில் பாகாயத்தில், 1966-இல் மேரி வர்கீஸ் அம்மையாரின் முயற்சியால் தொடங்கிய சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையத்தில்தான் காலிப்பர் என்னும் இரும்புக் கால்தாங்கி கட்டி நடக்கப் பழகினேன். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர் அவர். காலிப்பரின் முழங்கால் பூட்டுக்கு எண்ணெய் விடுவது, தேய்ந்த ரிவெட்டை மாற்றுவது எல்லாம் பத்து வயதிலேயே என் வேலையாகிவிட்டது. என்னைச் சுமக்கும் இரும்பை நானே பார்த்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. பெல்ட்டும் புதிதல்ல. அப்பா ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் இருந்தார். அங்கே ஆள் உயரச் சக்கரத்தில் தட்டைப் பெல்ட் ஓடும். வழுக்கினால் குங்கிலியத்தைத் தூவுவார்கள், பிடித்துக்கொள்ளும். அந்த வைத்தியத்தை ஸ்கூட்டருக்குச் செய்துவிடாதீர்கள். இங்கே பெல்ட்டின் இரண்டு பக்கவாட்டுக் கன்னங்களும், அதைத் தாங்கும் இரட்டைத் தட்டுச் சக்கரமான புல்லியின் தட்டுகளில் ஏறி இறங்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் வேலை கெட்டது.

ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது கடை. படி இல்லை, வண்டியில் உட்கார்ந்தபடியே கல்லாவரை போகலாம். கடைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் அதற்கு. கடைக்கார பாய் வண்டியின் பெயரைக் கேட்கவில்லை. "பழைய பெல்ட் எண் இருக்கிறதா சார்?" என்றார். முதல் பெல்ட்டின் அறுந்த துண்டை எடுத்துப் போயிருந்தேன். முதுகில் இருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்துவிட்டு, ஆணியில் மாலைபோலத் தொங்கிய பெல்ட்டுகளில் ஒன்றை எடுத்தார். வேண்டாம், பெட்டியில் இருப்பதைக் கொடுங்கள் என்றேன். தெருவைப் பார்த்து ஆணியில் மாதக்கணக்கில் தொங்கும் ரப்பர், வண்டியில் ஏறுவதற்கு முன்பே பாதி வயதைக் கழித்துவிடும். பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய், பாண்டோ என்று அச்சிட்ட, சீல் பிரிக்காத பெட்டியைக் கொண்டுவந்தார். 520 ரூபாய். ஆறு ரோலரும், ரோலர் தட்டு ஆடாமல் சறுக்க உதவும் மூன்று ஸ்லைடரும் சேர்ந்த பொட்டலம், பெயர் தெரியாத கம்பெனி, 240. புல்லியைச் சுற்றவிடாமல் பிடிக்கும் ஹோல்டர் 280. ஆக 1,040. மெக்கானிக் மொத்தமாக 1,600 கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து செய்ய வேண்டிய வேலைக்கு அது அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் வாசலுக்கு வருமுன் ஆரம்பித்தோம். நானும் பக்கத்து வீட்டுப் பையனும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். என்னை மாமா என்று கூப்பிடுவான். கை நீட்டிய இடத்தில் ஸ்பேனரை வைப்பான். நடுநடுவே கைப்பேசியும் பார்ப்பான்.

சாதாரண ஸ்கூட்டர்காரருக்கு இல்லாத முதல் வேலை நமக்கு உண்டு. இடது ஓரச் சக்கரம் பெல்ட் மூடியின் முகத்துக்கு நேரே நிற்கிறது. அதைக் கழற்றாமல் மூடியின் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போகாது. சட்டத்துக்கு அடியில் மூன்று செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து, வண்டி அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். பிறகு கிக்கர், பிறகு மூடி. மூடி போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். மனுவோடு இணைப்புகளை வரிசை மாறாமல் கோத்தே பழகிய கை.

மூடியைத் திறந்ததும் கரித்தூள். பையன் குனிந்து ஊதப் போனான். தலையைப் பிடித்து இழுத்தேன். கிளட்ச் ஷூ தேய்ந்த தூள் மூக்குக்குள் போக வேண்டிய பொருள் இல்லை. காற்றடிக்கவும் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே சரி.

தூள் போனதும் பெயரில்லாப் பெல்ட்டின் கதை தெரிந்தது. ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி பின்னோக்கிப் பார்த்தது. ரோலர் வீட்டுக்குள் தாராளமாகக் கிரீஸ். என் வண்டியில் ரோலர் உலர்ந்தே ஓட வேண்டும். பாசத்தில் அப்பிய கிரீஸ் சூட்டில் உருகிக் கசிந்து, முன் புல்லியின் முகத்தில் எண்ணெய்ப் பட்டையாகப் படிந்திருந்தது. கீச்சிடாமல் என்ன செய்யும்? வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். (என் வீட்டில் இரண்டு வகைக் காலிப்பரும் உண்டு. பையன் ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.) பெயரில்லாப் பெல்ட்டின் அகலம் 17.3 மில்லிமீட்டர், பெட்டியில் வந்த புதியது 18.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வண்டி வேகமெடுக்கும்போது ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி முன் புல்லியின் தட்டுகளை நெருக்கும்; பெல்ட் விளிம்பை நோக்கி மேலே ஏறும்; பின் புல்லியில் அதே கணக்குக்கு உள்ளே இறங்கும். இந்த வண்டிக்குக் கியர் என்பதே இந்த ஏற்ற இறக்கம்தான். இளைத்த பெல்ட் விளிம்புவரை ஏறாது. மேம்பாலத்தில் காணாமல்போன பத்து கிலோமீட்டர் வேகத்தில் பாதி இந்த 1.2 மில்லிமீட்டருக்குள் இருந்தது.

மீதிப் பாதி ரோலர்களில். தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் உரசுவோமே, அப்படி ஆறு ரோலரும் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. உருள வேண்டியது தட்டையானால் நின்ற இடத்திலேயே நிற்கும். பழையதைக் குலுக்கித் தரையில் போட்டேன். இரண்டு தட்டைப் பக்கம் மேலே, நான்கு கீழே. பையனுக்குத் தாயம் தெரியாது. சொல்லிக் கொடுக்கக் கால்மணி நேரம் போனது.

இனி ஹோல்டர். என் கால்களுக்கு இல்லாத பலம் கைகளுக்கு உண்டு. நாற்பது வருடம் ஊன்றுகோல் பிடித்த கைகள். பையன் ஹோல்டரைப் பிடிக்க, நான் முன் நட்டுக்கு பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, அதன் பிடியில் ஓரடிக் குழாயைச் செருகி ஓர் அழுத்து அழுத்தினேன். நட் அசைந்தது. கூடவே ஹோல்டரின் ஒரு கையும் அப்பளம் மாதிரி வளைந்தது. அந்த இரும்பு இரும்பே இல்லை. "புல்லி இறகுக்குள் ஸ்குரூடிரைவரைக் குத்திப் பிடித்தால் போதுமே மாமா" என்றான் பையன். கூடவே கூடாது. அந்த இறகுகள்தான் உள்ளே காற்றடித்துப் பெல்ட்டைக் குளிர்விக்கின்றன. ஓர் இறகு ஒடிந்தாலும் வேலூர் மே மாதத்தில் அதன் கணக்கு பெல்ட்டின் மேல்தான் எழுதப்படும். வளைந்த ஹோல்டரைத் திருப்பிப் போட்டு எப்படியோ முன் நட்டை எடுத்தோம். பின்பக்கக் கிளட்ச் கிண்ணத்துக்கு ஹோல்டரை நம்பவில்லை. அறுந்த முதல் பெல்ட்டை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இரு நுனியையும் சேர்த்து ஒரு கட்டையில் முறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். வழுக்கவே இல்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி.

புல்லி முகங்களைச் சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். பளபளவென்று மெழுகேறியிருந்த கிளட்ச் ஷூக்களை உப்புத்தாளால் லேசாக உரசினோம். புதிய ரோலர்களில் இரண்டில் அச்சுப் பிசிறு இருந்தது. பிளேடால் சீவிய பிறகுதான் இடத்தில் உட்கார்ந்தன. 240 ரூபாய் பொருளுக்கு இது அழகில்லை.

அடுத்து நான் செய்த தவறு. இதைப் படித்துவிட்டுச் செய்பவர்கள் இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள். புதிய பெல்ட்டைப் பின் புல்லியில் மாட்டி, முன்பக்கம் கொண்டுவந்து, வெளித்தட்டை வைத்து நட்டை முறுக்கினேன். ஓரளவில் நின்றது. மேலும் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. முடிந்தது என்று ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பையன் விளையாட்டாகப் பின் புல்லியைக் கையால் சுற்றினான். 'டப்' என்று ஒரு சத்தம். முன்னே பெல்ட் ஒரு விரற்கடை மேலே எழும்பியது. சந்தேகப்பட்டு நட்டில் ஸ்பேனரை வைத்தேன். வெறும் கையால் ஒன்றரைச் சுற்று உள்ளே போனது. அதாவது, இறுகியது நட் அல்ல. இரண்டு தட்டுகளுக்கு நடுவே பெல்ட் அகப்பட்டு, வெளித்தட்டை இன்ஜின் தண்டின் பற்களில் முழுதாக உட்காரவிடாமல் முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறது. அப்படியே மூடிப் புறப்பட்டிருந்தால் முதல் மேம்பாலத்துக்குள் நட் தளர்ந்து, தட்டு ஆடி, தண்டின் பற்களைத் தின்றிருக்கும். பெல்ட்டோடு போக வேண்டிய செலவு இன்ஜின்வரை போயிருக்கும். சரியான முறை இது: பின் புல்லியின் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்குங்கள். அப்போது முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று இருக்கும். அந்தத் தொளதொளப்பு கையைவிட்டுப் போவதற்குள் வெளித்தட்டை வைத்து நட்டை முறுக்குங்கள். முறுக்கிய பின் பெல்ட்டை அசைத்துப் பாருங்கள். தட்டுகளுக்கு நடுவே அது தாராளமாக ஆட வேண்டும். இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம்.

நடுவில் டீ வந்தது. பையன் கைப்பேசியில் ஒரு மூன்று சக்கரக் காரைக் காட்டினான். இங்கிலாந்தில் மார்கன் என்ற கம்பெனியார் 1909-இல் முதல் வண்டியைக் கட்டினார்களாம். அந்தக் காலத்து வண்டிகளில் பின்சக்கரத்துக்குச் செயின். 2011-இல் மறுபடி கொண்டுவந்தபோது மாஸ்டா கியர்பாக்ஸ் வைத்து, ஒற்றைப் பின்சக்கரத்துக்குப் பல் வைத்த பெல்ட்டும் ஸ்பிராக்கெட்டும் போட்டிருக்கிறார்கள். "நம் பெல்ட்டிலும் பல் இருக்கிறதே மாமா, ஸ்பிராக்கெட் எங்கே?" என்றான். நல்ல கேள்வி, ஊரில் பாதிப் பேருக்கு இதே குழப்பம். அந்தக் காரில் பெல்ட்டின் பல், ஸ்பிராக்கெட்டின் பல்லைக் கவ்வி இழுக்கிறது. ஆகவே பெல்ட்டின் இறுக்கமும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளின் நேர்கோடும் துல்லியமாக இருக்க வேண்டும். நம் பெல்ட்டின் உட்புறப் பற்கள் எதையும் கவ்வுவதில்லை. சின்ன வட்டத்தில் வெடிக்காமல் வளைவதற்காக வெட்டிவிட்ட பள்ளங்கள் அவை. இழுப்பது முழுக்கக் கன்னம்தான். இறுக்கத்தைப் பின் புல்லியின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது. நாம் சரிசெய்ய அங்கே திருகாணியே கிடையாது. கன்னத்தில் எண்ணெய் படாமல் இருந்தால் போதும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது.

மூடியை மூடி, அட்டையிலிருந்து போல்ட்டுகளை எடுத்து, சக்கரத்தைப் பூட்டி, செங்கல்லை உருவியபோது மணி ஒன்று. மெக்கானிக் ஒன்றரை மணியில் முடிப்பார். எங்களுக்கு ஐந்து மணி நேரம். அதில் தாயமும் டீயும் அடக்கம்.

இப்போது 1,900 கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலைக் கீச்சு இல்லை. மேம்பாலத்தில் மறுபடியும் நாற்பது. பெல்ட்டுக்கு என் மதிப்பெண் முழுசு. போன வாரம் மூடியைத் திறந்து அளந்தபோதும் 18.4 இருந்தது, விரிசல் இல்லை. ரோலர்களுக்குப் பாதிதான். ஓடுகின்றன, ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் உறுமும்போது ஒரு சன்னமான கலகலப்பு கேட்கிறது. ஸ்லைடர்கள் சரியான கனத்தில் இல்லை என்பது என் ஊகம். அடுத்த முறை ரோலரையும் பெல்ட்டைப் போலக் கம்பெனிப் பெட்டியில்தான் வாங்குவேன். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்த் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகிறேன். நம் வண்டிகள் ஓரச் சக்கரங்களின் பாரத்தையும் சேர்த்து இழுக்கின்றன. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் நமக்குப் பொருந்தாது. ஐயாயிரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அகலத்தை அளந்து பாருங்கள்.

ஹோல்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கைப்பட ஒரு மனுவும் எழுதிக்கொண்டு போனேன்: பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. இணைப்பு, வளைந்த ஹோல்டர் ஒன்று. பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு ஹோல்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வளைத்த கை எது சார்?" என்று கேட்டார். காட்டினேன். 280 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மனுவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.